வக்கீல் கேட்ட ஒரு வார்த்தை

உறையூர், 1959

பம்பாயில் இருக்கிறவருக்கு,

ஸ்ரீரங்கத்தில அப்பா விட்டுட்டுப் போன வீட்டை வித்தாச்சு. மாட்டேன்னு நின்ன நானும் கடைசியில கையெழுத்துப் போட்டுட்டேன்.

பாகம் பேச எல்லாரும் உக்காந்தப்ப, ‘கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு இங்க என்ன வேலை?’ன்னு பெரியண்ணன் கேட்டார். என் வக்கீல் காதோட சொன்னார்: ‘புருஷன் கைவிட்டுட்டார்னு மட்டும் சொல்லும்மா. அப்படிப்பட்ட பொண்ணுக்கு அப்பா வீட்டுல குடியிருக்க புதுச் சட்டத்துல உரிமை இருக்கு. வீட்டை விட்டு உன்னை யாராலயும் கிளப்ப முடியாது.’

‘அவர் வேலையா போயிருக்கார்’னு எல்லார் முன்னாலயும் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். உங்க மானத்தைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்காதீங்க. அந்தப் பேரோட எனக்கு ஒரு கூரை வேண்டாம்.

தையல் மிஷினோட இங்க குடிவந்துட்டேன். புது விலாசம் கவர் பின்னால இருக்கு. போன கடிதம் மாதிரி இதுவும் திரும்பி வந்தா தபால்காரர் அலையக் கூடாதில்லையா, அதுக்குத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி