கண்ணுக்கு வயதாகிவிட்டது

என் கண்ணு மகளுக்கு,

நலம்தான். இந்த முதியோர் இல்லத்தில் எதைச் சொன்னாலும் வயதுதான் காரணம். தூக்கம் வரவில்லை என்றாலும் வயது, அழுகை வந்தாலும் வயது. கவுன்சிலிங் தரும் பெண் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சுவாள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

பௌர்ணமியன்று வாசலில் நாற்காலி போட்டுக் கிரிவலக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காலைச் சாய்த்து வைக்கும் ஒரு நடை கடந்து போனது. "என் பொண்ணு போறா!" என்று எழுந்துவிட்டேன்.

கவுன்சிலிங் பெண் ஓடிவந்து உட்காரவைத்தாள். "உங்க பொண்ணா இருந்தா உள்ள வராம போவாங்களாம்மா? வயசாயிடுச்சில்ல, கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

வயதுதான் என்று முதல்முறையாக ஒத்துக்கொண்டேன்.

வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாய். அந்தக் காலை வெந்நீரில் வை.

அம்மா