கொக்கி இல்லாத ரத்தம்

9 மார்ச் 1986

மழை. ரப்பர் பால்மரம் வெட்டப் போகவில்லை. ரஹாங் ஊர் மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பிவிட்டார்கள். என் மகள் மலர்க்கொடி வேண்டாமாம். "பொண்ணுக்கு அப்பன் யாருன்னே சந்தேகமாமே?" என்றான் வந்தவன்.

பத்து வருஷமாச்சு, இன்னும் அந்தப் பேச்சு ஓயல. மலருக்குக் காய்ச்சல் கண்டு ரத்தம் சோதித்தபோது 'ஓ' என்று வந்தது. புருஷனுக்கு 'ஏபி'. ஏபி அப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னதுதான் தாமதம், நாத்தனார் வள்ளிநாயகி லயன் லயனாக, வீடு வீடாகப் போய்த் தூற்றினாள். என் புருஷன், தோட்டத்து ஆபீஸ் கிராணி இராஜமாணிக்கம், அக்காள் பேச்சைக் கேட்டு எங்களை வெளியே தள்ளினார். நான் அந்த மனுஷனுக்குச் சொந்தத் தாய்மாமன் மகள்! நாசமாப் போக.

2 ஏப்ரல்

வள்ளிநாயகி மதினி சிரம்பான் ஆஸ்பத்திரியில். குடல்புண், ரத்த வாந்தி. இன்று பாயசம் வைத்தேன்.

4 ஏப்ரல்

மோட்டர் சத்தம். வாசல்ல அந்த மனுஷன். மதினிக்கும் ஓ-வாம். ஆனா எந்த ஓ ரத்தமும் சேரலையாம், கட்டிக்கட்டியா திரியுதாம். சொந்தத்துல ஓ யாருன்னு டாக்டர் கேட்டாராம்.

"மலரை அனுப்பு லா, செல்லம்."

"யாரு பெத்த பிள்ளை ரத்தத்தை யாருக்குக் கேக்குறீங்க?"



சாகட்டும்னுதான் நெனச்சேன். பொறகு யோசிச்சேன் — அவ செத்தா, சொன்ன பொய்யை யார் வந்து திருப்பி எடுக்கிறது? "குடு மலர்"னேன். "அவ பொழைக்கணும். பொழைச்சு, தன் வாயாலயே ரஹாங்குல போய்ச் சொல்லணும்."

5 ஏப்ரல்

மலர் ரத்தம் சேர்ந்துவிட்டது! டாக்டரம்மா அவரையும் நிற்கவைத்தே விளக்கினார். ரத்த அணுவின் மேல்தோலில் ஒருவகைக் கொழுப்பு. அதிலிருந்து சர்க்கரை, சங்கிலியாக வெளியே நீண்டிருக்கும். கிளைக்கோஸ்பிங்கோலிப்பிட். பேரை மனப்பாடம் செய்துவிட்டேன், நாளைக்கு எவளாவது கேட்டால் மூஞ்சியில் சொல்ல. சங்கிலி நுனியில் ஒரு கொக்கி. அது இருந்தால்தான் ஏ-யோ பி-யோ வந்து மாட்டும். ஓ-காரர்களுக்குக் கொக்கி மட்டும். மலருக்கும் மதினிக்கும் கொக்கியே கிடையாது; அப்பன் கொடுத்த ஏ-யோ பி-யோ உள்ளே இருந்தும் மாட்ட இடமில்லை. சோதனையில் ஓ மாதிரி தெரியும், ஆனால் ஓ இல்லை. ஓ ரத்தம் ஏற்றினால் உடம்பு அந்தக் கொக்கியை எதிர்க்கும்.

"அப்பா, அம்மா ரெண்டு வழியிலயும் இந்தக் குறை ஒளிஞ்சு வரணும். சொந்தத்துல கட்டினீங்களா?"

 நான் முந்திக்கிட்டேன். "ஆமா டாக்டர். இவருக்குத்தான் அது மறந்துபோச்சு."

18 மே

பரிசம் முடிந்தது. மதினி எழுந்து நடந்ததும் முதலில் போனது ரஹாங்குக்குத்தான். நான்தான் கூட்டிப்போனேன், வாசலில் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

இன்று சபையில் பெரியவர் வழக்கம்போலக் கேட்டார்: "பொண்ணு யார் மக?"

"என் மக"ன்னார் இராஜமாணிக்கம்.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல"ன்னேன். மறுபடி சொன்னார். இன்னும் சத்தமா சொல்லச் சொன்னேன். மூணாவது தரம் குரல் உடைஞ்சு போச்சு.

"போதும்மா"ன்னா மலர்.

எனக்குப் போதல.