பெட்டரிக்குத் தணல்

ஞாயிறு இரவு

சாய்ந்தமருதுக்கு வந்து குளித்த பிறகும் வேர்க்கிறது. மனம் மட்டும் நுவரெலியாக் குளிரிலேயே நிற்கிறது.

விடியற்காலையில் அங்கே தங்குமிடத்து முற்றத்தில் எங்கள் மின்சாரக் காரைச் சார்ஜில் போட்டார் இவர். சார்ஜ் ஏறவேயில்லை.

"பெட்டரி குளிர்ல விறைச்சிட்டு புள்ள. புள்ள பெத்தவள்ற கட்டிலுக்குக் கீழ வைக்கிற மாதிரி ஒரு சட்டி தணல் வைப்பம்" என்று தணல் அள்ளக் குசினி அடுப்புக்குப் போனார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

காரில் கைவைத்து நின்றேன். அடியில் மெல்லிய இரைச்சல் கேட்டது. பெட்டரியைச் சூடாக்குவதாகத் திரையில் எழுத்து வந்தது. வருகிற மின்சாரத்தில் முதலில் தன்னை இதமாகச் சூடாக்கிக்கொண்டு, பிறகுதான் அது சார்ஜை ஏற்கத் தொடங்கியது. சுப்ஹானல்லாஹ்! இரும்புக்கு இந்தப் பக்குவத்தைப் படிப்பிக்க மனிதனுக்கு இறைவன் எவ்வளவு அறிவைக் கொடுத்திருக்கிறான்!

இவர் சட்டியோடு வந்து குனிந்தார். "வேணாம், அது தானாவே சூடாகுது" என்றேன்.

தணலை வைத்திருந்தால் பெட்டரி பற்றிக்கொண்டிருக்குமாம். பின்னேரம் என் தம்பி சொல்லித்தான் தெரியும்.

பெட்டரி இருப்பது ஆசனங்களுக்குக் கீழே. பயணத்துக்காக முன்னமே ஏற்றிவிட்டிருந்த பிள்ளைகள் இரண்டும் அப்போது அந்த ஆசனங்களில்தான் நித்திரை.