எதிர்த் தறியில் நின்றவனுக்கு

என் பிரியமான சவரி மச்சானுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தோம். உன் கல்லறையில் முளைத்திருந்த புல்லை உன் தங்கை ரெஜினா பிடுங்கிச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். சுற்றிலும் ஆட்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மில்லை விட்டுவிட்டேன், தெரியுமா? நீ போன பிறகு உன் தறியில் வேறு ஒருவர் நின்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் தலை நிமிரும்போதெல்லாம் அவர் முகம் தெரிந்ததை என்னால் தாங்க முடியவில்லை. "நிரந்தர வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறியே, புத்தி இருக்குதா உனக்கு?" என்று உன் தங்கை இன்றுவரை திட்டுகிறாள். திட்டட்டும், நியாயம்தானே.

இப்போது தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறை. டப்பாவுக்கு மூடி அடிக்கும் பிரஸ் மெஷின். தகட்டை வைத்து, கையை எடுத்து, அப்புறம் காலால் மிதிக்க வேண்டும். வரிசை மாறினால் விரல் போய்விடும்.

என் மனசைப் பற்றி உனக்குச் சொல்லவா வேண்டும்? பெரியவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, தறி முன்னால் நின்றுகொண்டே நான் ஆஸ்பத்திரி, சவப்பெட்டி, கல்லறை என்று எல்லா இடத்துக்கும் போய் வந்தேன். பிள்ளையோ வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். எதிர்த் தறியிலிருந்து நீதான் பார்த்தாய். தறிச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. மில்லில் எல்லோரும் குரல் எழுப்பாமல் உதட்டை அசைத்துத்தானே பேசுவோம். "எங்க இருக்க, முசே?" என்று பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி உன் உதடு கேட்டது. முறைத்தேன். நீ விடவில்லை. "கை என்னா பண்ணுது, சொல்லு."

நானும் உதட்டாலேயே சொன்னேன். நாடா மாத்துறேன். இழை கட்டுறேன். தறிய ஓட்டுறேன். சொல்லச் சொல்ல, ஓடிய மனசு கைக்குத் திரும்பி வந்தது. அதன் பிறகு எத்தனை தரம் அப்படிக் கேட்டிருப்பாய்!

கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் உனக்குக் குரல் போய்விட்டது. "அண்ணன் என்னமோ சொல்லுதே, ஒண்ணும் புரியலையே" என்று ரெஜினா அழுதாள். எனக்குப் புரிந்தது. பயமா இருக்குடா என்றாய். அவளிடம், ஜெபம் சொல்றான் என்று சொல்லிவிட்டேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு, நீ என்னைக் கேட்டதையே உன்னைக் கேட்டேன். எங்க இருக்க, மச்சான்? உன் உதடு அசையவில்லை. நான் கேட்டது உனக்குத் தெரிந்ததா? கண் திறந்துதானே இருந்தது?

பிரஸ் முன்னால் உட்கார்ந்தால் மனசு அங்கேதான் ஓடுகிறது. அதனால் பழையபடி உதட்டால் உன்னிடம் சொல்லிச் சொல்லியே வேலை செய்தேன். மில் பழக்கம் மில்லோடு போயிருக்க வேண்டும். இந்தப் பட்டறையில் பேசினால் கேட்கும். குரலே இல்லாமல் வாய் மட்டும் அசைகிற ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். பேய் பிடித்திருக்கிறது என்றான் ஒருத்தன். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"யார்கிட்ட பேசுறீங்க? கவனம் தப்பி கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

வாயை மூடிக்கொண்டேன். மறுநாளே மனசு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டது. கையை எடுக்கும் முன்பே மிதித்துவிட்டேன். நல்லவேளை, நகத்தோடு போனது.

"போதும். நாளையிலேர்ந்து வராதீங்க" என்றார் சூப்பர்வைசர்.

இந்த வேலையும் போனால் வீட்டில் எப்படி முகம் காட்டுவேன்? அவர் எதிரிலேயே திரும்ப உட்கார்ந்தேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "தகடு வைக்கிறேன். கைய எடுக்கிறேன். மிதிக்கிறேன்." ஒவ்வொரு மூடிக்கும் சொன்னேன்.

"இதத்தான் சொல்லிக்கினு இருந்தீங்களா?" என்றார். "அப்ப சத்தமாவே சொல்லுங்க. எனக்குக் கேக்கணும். வாய் மட்டும் ஆடுச்சுன்னா அன்னிக்கே வீட்டுக்கு."

வேலை தப்பித்தது, மச்சான். சத்தமாகச் சொல்கிறேன், அவருக்குக் கேட்கிறது. மனசும் கையோடு நிற்கிறது. ஆனால் உதட்டால் சொன்னது உனக்கு, சத்தமாகச் சொல்வது அவருக்கு. வேலை நேரம் முழுக்க நீ இல்லை. உன்னை அடக்கம் செய்த அன்று அழுததைவிட, சத்தமாகச் சொன்ன முதல் நாள் சைக்கிளில் வீடு திரும்பும்போது அதிகமாக அழுதேன்.

கோவிச்சுக்காதே. மெஷின் முன்னால் இனி உன்னிடம் பேசமாட்டேன். இந்த இரண்டு கைகளையும் தினமும் முழுசாக உன் தங்கையிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டி, உனக்குத் தம்பியானவன்,
அருள்தாஸ்