வலப்பக்கம் இழுக்கும் கார்

திங்கள், 3

காலையில் தூறல், பிறகு வெயில். மனைவிக்கு வவுனியாவில் கண் கிளினிக். கண்ணுக்குள் ஊசி. திரும்பி வரும்போது வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தப் பார்த்தேன். பிறேக்கை அழுத்த, கார் வலப்பக்கம் போய் நடு றோட்டில். எதிரே பஸ். மயிரிழையில் தப்பினோம்.

கடலை விற்கிற பெண்: "ஐயா, நேராத்தானே வந்தியள்? பிறகேன் பஸ்ஸைக் கொஞ்சப் போனியள்?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 

பின்னேரம் மகள் கொழும்பிலிருந்து அழைத்தாள். தாய் எல்லாம் சொல்லிவிட்டா. "அப்பா, உங்களுக்கு எழுபத்தாறு. பிழை உங்களில எண்டால் காரை வித்துப்போடுவம்."

விற்றால் மாதாமாதம் பஸ். ஒரு கண்ணில் கட்டோடு இவ கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம். போன வருடம் முழுக்க அப்படித்தான்.

செவ்வாய், 4

வாங்க வேண்டியவை: சீனி, மண்ணெண்ணெய், கோழித்தீன். கோழித்தீன் மறந்துபோனேன்.

வவுனியாவில் கார் விற்ற இடத்துக்கு அழைத்தேன். வாங்கி மூன்று கிழமைதான். விற்கும்போது, "பிறேக் எல்லாம் புதுசு ஐயா, ஒறிஜினல்" என்றவர் அந்த முதலாளியே.

இன்று: "ஐயா குறை நினையாதேங்கோ. வயசு போனால் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. பிறேக் அடிக்கேக்க வலது கை தன்ரபாட்டில இழுக்கும்."

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். நன்றி எதற்கு?

சாப்பிடும்போது என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

புதன், 5

நல்ல வெயில். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் அளவுப் படம் வரைந்தவன். அளந்து பார்க்காமல் ஏன் கவலைப்படுகிறேன்?

வட்டக்கச்சி வாய்க்கால் கரையோரம் நேரான பாதை. சுண்ணாம்பால் கோடு போட்டேன். காரை மெதுவாக ஓட்டி, ஸ்ரியறிங்கில் இரண்டு விரல் மட்டும் வைத்து, பிறேக். ஆறு தரம். ஆறு தரமும் வலப்பக்கம். குறைந்தது பதினொரு அங்குலம், கூடியது பதினாறு.

ஆனால் ஆறிலும் ஓட்டியவன் நான்தானே. பக்கத்து வீட்டு யோகன் லொறி ஓடுகிறவர். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஒரு தரம் ஓடிவிட்டு இறங்கினார். "ஐயா, இது காரோ நண்டோ?"

அவருக்குப் பதினைந்து அங்குலம். அவருக்கு வயது முப்பத்தெட்டு.

வியாழன், 6

கிளிநொச்சியில் ஒரு கராஜ். முன்சில்லு இரண்டையும் கழற்றினார்கள். வலது சரி. இடப்பக்கம் சில்லைப் பிடித்து நிறுத்துகிற பிறேக் பாட் வேறொரு காருடையது. அளவில் பெரிது, அதனால் ஓரத்தை அராவி உள்ளே செருகியிருக்கிறார்கள். பாதிதான் பிடிக்கிறது, அதுதான் கார் வலப்பக்கம் போகிறது.

மெக்கானிக்: "இதோடயோ அம்மாவை வவுனியாவுக்கு ஏத்திக்கொண்டு போனனீங்கள்?"

 நாற்பதுக்கு மேல் ஓடாமல் வீடு.

மத்தியானம் படம் வரைந்தேன். இருக்கவேண்டிய பாட், இருக்கிற பாட், இரண்டும் ஒரே அளவுத்திட்டத்தில். அராவிய இடம் சிவப்பு. இவ பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு. ஆருக்குக் காட்டப் போறியள்?" என்றா.

சனி, 8

புழுக்கம். யோகன் காரை மெதுவாக வவுனியாவுக்கு ஓட்டிவந்தார். இவவும் வந்தா, வேண்டாமென்றும் கேளாமல்.

கார் விற்ற முதலாளி மறுக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். "மாத்தித் தாறன் ஐயா. சரியான சாமான் கடையிலயே கிடக்கு. இதில ஒரு கையெழுத்து மட்டும்."

வாசித்தேன். 'எனது கவனயீனமான ஓட்டத்தால் ஏற்பட்ட பழுது நல்லெண்ணத்தில் திருத்தித் தரப்பட்டது.'

களைப்பு. ஒரு வரிதானே என்று பேனையைத் திறந்துவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன்.

மனைவி: "என்ன எழுதிக் கிடக்கு?"

"பிழை என்னில எண்டு."

"மகளும் அதைத்தானே கேட்டவ. அப்ப காரை இஞ்சையே விட்டிட்டு பஸ்ஸில போவம்."

பேனையை மூடினேன். "தம்பி, அந்த வரியை எடுத்துவிடுங்கோ."

"வரி இல்லாட்டி சாமானும் இல்லை ஐயா."

வாக்குவாதம் எனக்கு வராது. "சரி, இருக்கிறன்" என்று வாசல் கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு மணித்தியாலம். பழைய வான் ஒன்று வாங்க ஒரு குடும்பம் வந்தது. தகப்பன்காரர் என் மடியிலிருந்த சுருளைப் பார்த்து, "வீட்டுப் படமோ ஐயா?" என்றார்.

"இல்லைத் தம்பி, பிறேக்." கேட்டதால் விரித்துக் காட்டினேன். சிவப்பு எதற்கு என்றார். சொன்னேன். "இஞ்சை வாங்கினதோ?" என்றார். அதற்கும் ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

முதலாளி ஓடிவந்தார். "ஐயா, அதைச் சுருட்டுங்கோ. காரை உள்ளுக்கு விடச் சொல்லுங்கோ."

மாற்றி முடிய பின்னேரம் மூன்று மணி. புதிதாக எழுதிய தாளில் ஒரே வரி: பொருத்தமற்ற பாட் மாற்றப்பட்டது. கையெழுத்து அவருடையது. என்னுடையதைக் கேட்கவே இல்லை.

யோகன் சாவியை என்னிடம் தந்தார். முதல் பத்து மைல் பயத்தோடுதான். பிறேக்கை அழுத்த, கார் நேராக நின்றது.

வீடு வந்ததும் முதுகு நோவு. இவ படுத்துவிட்டா. மகள் அழைத்தாள்.

"என்னப்பா முடிவு?"

"பிழை சாமானில."

"அப்ப அடுத்த கிளினிக்குக்கு அம்மாவை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"நான்தான்" என்றேன். குரல் கொஞ்சம் கூடிப்போனது.