தினமும் சீவுகிறேன்

புனே
2.8.2024

உங்களுக்குச் செங்கமலவல்லியின் அநேக நமஸ்காரம்.

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். பத்மஸ்ரீ நன்றாக இருக்கிறாள், அப்பாவை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பிரசவம் செப்டம்பர் பத்தை ஒட்டி என்கிறார் டாக்டர், எனக்கென்னவோ முன்னாலேயே ஆகிவிடும் என்று தோன்றுகிறது. உங்களுக்குக் காது கேட்காமல் போனதில் எனக்கு ஒரு லாபம். போனில் கத்த வேண்டாம், சண்டையைக்கூட நிதானமாக எழுதிப் போடலாம்.

பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வேளை பெருமாளுக்குப் பூஜை செய்கிறவர் நீங்கள், நாயைத் தொட்டால் தலைமுழுக வேண்டும், எல்லாம் தெரியும். ஆறு வருஷமாக நீங்கள் அவனைத் தொட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த மூன்று மாதம் மட்டும் கேட்கிறேன். சாயங்காலம் கோயிலுக்குப் போக எப்படியும் குளிக்கப் போகிறீர்கள், அதற்கு முன்னால் சீவிவிடுங்கள். மேல்முடியோடு நிறுத்தக் கூடாது, விலக்கினால் தோல் தெரிய வேண்டும். காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கு, அடிவயிறு, வாலுக்கு அடியில், அங்கேதான் சிக்கு விழும், உண்ணியும் ஒட்டும். நம் ஊர்க் கடற்காற்றுக்கு அவன் முடி இரண்டே நாளில் பிசுபிசுத்துவிடும். குளிப்பாட்டினால் வேர் வரை துவட்ட வேண்டும். நகம் வெட்டுவதற்கு அச்யுதனின் சிநேகிதன், திரேஸ்புரத்துப் பெவினிடம் சொல்லியிருக்கிறேன்.

பஞ்சு அச்யுதன் தூக்கிவந்த குட்டி. அவன் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பிள்ளை கை பட்ட உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதற்காகத்தான் நான் அங்கே திரும்பி வருகிறேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செங்கமலவல்லி


தூத்துக்குடி
16.8.2024

சௌபாக்கியவதி செங்கமலத்துக்கு மதுசூதனன் அநேக ஆசீர்வாதம்.

பஞ்சுவுக்குத் தினமும் சீவுகிறேன். எப்படி என்று கேட்காதே, சீவுகிறேன். வெள்ளை வெளேரென்று வாசலில் உட்கார்ந்திருக்கிறான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஞாயிறுதோறும் குளியலும் நடக்கிறது. எனக்குச் சாதம் ஆகிறதோ இல்லையோ, அவனுக்குத் தயிர்சாதம் வேளைக்குத் தயாராகிவிடுகிறது.

பெவின் இன்னும் வரவில்லை. துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம், ஷிஃப்ட் ஒழிவதில்லை என்று கேள்வி.

ஒன்றே ஒன்று. நாலு நாளாக ஒரு நாற்றம். கருவாட்டுக்கடைப் பக்கம் போய்ப் புரண்டிருப்பான். உட்கார்ந்த இடத்தில் முன்னங்கால் இடுக்கை நக்கிக்கொண்டே இருக்கிறான், சாதத்தில் பாதியை வைத்துவிடுகிறான். நீ இல்லாத ஏக்கம்தான், வேறென்ன. எனக்கும் உன் சாற்றமுது இல்லாமல் பாதிதான் இறங்குகிறது.

இருபத்தேழாம் தேதி உற்சவம் தொடங்குகிறது. கங்கணம் கட்டிக்கொண்டால் ஐந்து நாளும் கோயிலோடுதான், யாரையும் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் அவனுக்குச் சாதம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். குழந்தையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதுசூதனன்


புனே
23.8.2024

உங்களுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் இன்றுதான் கிடைத்தது. அது ஏக்கமும் இல்லை, கருவாடும் இல்லை. சிக்குக்கு அடியில் தோல் வெந்துபோயிருக்கிறது. நாய் ஓர் இடத்தையே நக்கினால் அங்கே வலிக்கிறது என்று அர்த்தம். இதைப் படித்தவுடன் அந்த இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். சிக்கைக் கத்தரித்துவிட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

தங்கத்தாய்க்கு மூன்று முறை போன் போட்டேன். "நல்லாத்தான் இருக்கு மாமி, வெள்ளையா படுத்துக் கெடக்கு" என்கிறாள். பெவினால் ஒன்றாம் தேதி வரை நகர முடியாதாம். அதுவரை காத்திருக்க வேண்டாம்.

உற்சவம் இருந்தால் இருக்கட்டும். கங்கணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அச்யுதன் படுத்திருந்தபோது நின்றது போதும்.

செங்கமலவல்லி


தூத்துக்குடி
4.9.2024

செங்கமலத்துக்கு மதுசூதனன் எழுதுவது.

பஞ்சு திங்கட்கிழமை காலையில் போய்விட்டான்.

உன் கடிதம் உற்சவத்தின் மூன்றாம் நாளே வந்துவிட்டது. படித்தேன். இன்னும் இரண்டு நாள்தானே, கங்கணம் அவிழ்த்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இதை உன்னிடம் மறைக்க எனக்கு யோக்யதை இல்லை. தினமும் சீவுகிறேன் என்று எழுதியதும் அப்படித்தான். ஒட்டடைக் கம்பின் நுனியில் சீப்பைக் கட்டி, எட்ட நின்று முதுகை மட்டும் சீவினேன். குளிப்பாட்டியது தோட்டத்து ரப்பர் குழாயால். துவட்டவில்லை, வெயிலில் காய்ந்துவிடும் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெவின் வந்து முடியை விலக்கினான். உடனே என் காதோரம் குனிந்து, "சாமி, மேல மட்டும் சீவியிருக்கிய. அடியில கைய விட்டுப் பாத்தியளா?" என்று கேட்டான். இடுக்கில் முடி அட்டை மாதிரி இறுகியிருந்தது, அதற்கு அடியில் புழு. காதுக்குள் உண்ணி கொத்துக்கொத்தாக. அவன் பைக் ஓட்ட, பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன்.

டாக்டர் ஷெர்லி முடியை முழுக்க மழித்தாள். இவ்வளவு சின்ன உடம்பா என்று இருந்தது. ஈரம் தங்கிய சிக்கில் ஈ முட்டையிட்டிருக்கிறது. உண்ணிக் காய்ச்சலில் ரத்தமும் வெளுத்துவிட்டது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தோல் வரை சீவியிருந்தால் முதல் உண்ணியிலேயே தெரிந்திருக்கும் என்றாள். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினாள்.

விடியும் வரை அவனை மடியிலேயே வைத்திருந்தேன். குளிக்கவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. என் கையை நக்கினான், செங்கமலம். தொடுவது அவ்வளவு சுலபமாக இருந்தது. இத்தனை வருஷம் எதற்காகத் தள்ளி நின்றேன் என்று தெரியவில்லை.

நீ வா. வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். தனியாக இருக்க முடியவில்லை.

மதுசூதனன்


புனே
14.9.2024

மதுசூதனன் அவர்களுக்கு,

பத்மஸ்ரீக்கு ஐந்தாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். உங்கள் கடிதம் அதற்கு நாலு நாள் கழித்து வந்தது.

பஞ்சுவுக்காக அழுது முடித்துவிட்டேன். கம்பில் சீப்பைக் கட்டியதையும், பொய் எழுதியதையும்கூட ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அச்யுதனுக்கு டெங்கு வந்தபோதும் இதே உற்சவம், இதே கங்கணம். நிலைப்படிக்கு வெளியே நின்று காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவீர்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. கைகால் ஜில்லென்று இருக்கிறது, வந்து ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். காய்ச்சல் விட்டது நல்லதுதானே, உற்சவம் முடியட்டும் என்றீர்கள். அப்படி ஜில்லிட்டதுதான் ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது நேரம் போய்விட்டது. உங்கள் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தவள் நான். என் பங்கும் அதில் உண்டு.

இரண்டு வருஷமாக எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவரால் முடியாது, பாவம், சிறு வயதிலிருந்து அப்படியே வளர்ந்தவர், கையை நீட்ட நினைத்தாலும் நீட்ட வராது என்று. அந்த ஒரு சமாதானத்தில்தான் உங்களுக்குத் தளிகை செய்தேன், உங்களோடு உட்கார்ந்து பேசினேன். சுலபமாக இருந்தது என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். அதைப் படித்த பிறகு சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் வரவில்லை. பத்மஸ்ரீயிடம் சொல்லிவிட்டேன். என் புடவைகளைத் தங்கத்தாய் கட்டி அனுப்புவாள். கூடத்தில் மாட்டியிருக்கும் அச்யுதனின் படத்தைப் பெவின் வந்து எடுத்துக்கொள்வான். நீங்கள் அதைத் தொட வேண்டாம்.

செங்கமலவல்லி