கிழக்குச் சரிவின் நீர்க்கரடிகள்

சின்னக் காஞ்சிபுரம்
18-12-2005

அன்புள்ள தாராவுக்கு,

வரத் எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள். உனக்கு அந்தக் குளிர் பழகிவிட்டதா? உதடு வெடித்து ரத்தம் வருகிறது என்றாயே, வெண்ணெய் தடவச் சொல்கிறாள் அம்மா. அண்டார்டிகாவில் வெண்ணெய்க்கு எங்கே போவாள் என்று கேட்டாலும் மறுநாள் அதையேதான் சொல்கிறாள்.

இரண்டாவது குழுவோடு அங்கே கிளம்பும் உன் சிநேகிதி ஸிந்துஜா நாளைக் காலை இங்கே வந்துவிட்டுப் போகிறாள். அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மெயில் அனுப்பலாமே என்பாய். பிரௌசிங் சென்டரில் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் காத்திருக்கும்போது இதையெல்லாம் அடிக்க எனக்கு வராது.

குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கச் சொல்கிறார்கள், தங்கட்டுமா என்று நீ போனில் கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் மனசு நிற்கவில்லை. வகுப்பில் ஒரே கணக்கைப் போர்டில் இரண்டு தடவை போட்டேன். பையன்கள் சிரித்தார்கள். மார்ச்சில் வருவாய் என்று இருந்தவனுக்கு அடுத்த வருஷக் கடைசி என்றால் எப்படி இருக்கும்? அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

இங்கே பெய்த மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். வேகவதி ஆற்றோரத்துத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். ஜனங்களைப் பள்ளிக்கூடங்களில் கொண்டுவந்து வைத்தார்கள். ஊர் முழுக்க கரண்ட் இல்லை. மறுநாள் காலை காபி குடிக்கும்போதுதான் சுரீரென்று உறைத்தது: உன் கல்லூரி டீப் ஃப்ரீசர்! போன வருஷக் குழு கொண்டுவந்து தந்த பாசியும் மண்ணும் அதில்தானே இருக்கிறது. உங்கள் முகாம் பக்கத்துக் கிழக்குச் சரிவு இந்த வருஷம் பனிக்கட்டிக்கு அடியில் போய்விட்டது, இப்போதைக்கு அங்கிருந்து ஒரு பிடி மண்கூட எடுக்க முடியாது என்று நீ எழுதியிருந்தாய். அது நினைவுக்கு வந்ததும் குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

வாட்ச்மேன் கலியன்தான் பூட்டைத் திறந்துவிட்டார். ஃப்ரீசரைத் திறந்தால் சில்லென்ற காற்றே இல்லை. கீழ்த்தட்டில் மேற்குச் சரிவுக் குப்பிகள் இன்னும் இறுகித்தான் இருந்தன. மேல்தட்டில் கிழக்குச் சரிவுக் குப்பிகள் எல்லாம் இளகிப்போய், பாசி தண்ணீரில் மிதந்தது. எல்லாவற்றையும் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, ஆட்டோ பிடித்து ஐஸ் ஃபாக்டரிக்குப் போனேன். அதுவும் மூடியிருந்தது. கடைசியில் மாணிக்கவேல் ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருக்கிறாரே, அவர்தான். அவரிடம் ஜெனரேட்டர் உண்டு.

அவர் சரி என்றார். அவர் மனைவி பெரியநாயகி விடவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, புழுவா? கொயந்தைங்க வாயில வெக்கிற பொருளு கீற பெட்டியில இத்தக் கொண்டாந்து வெக்கச் சொல்றீங்களே!" என்றாள். நியாயம்தானே? புழு இல்லை, நீர்க்கரடி என்று பெயர், எட்டுக் கால், கண்ணுக்கே தெரியாது, யாரையும் ஒன்றும் செய்யாது என்று என்னென்னவோ உளறினேன்.

"உயிரோட கீதா, செத்துப் போச்சா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். இதை எடுக்கத்தான் என் மனைவி பூமியின் கடைசிக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

"நீங்களே அனுப்பி வெச்சீங்களா?"

"இல்லம்மா. அவளாத்தான் போனா."

அவள் பெட்டியின் மூடியைத் தானே மூடினாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "இன்னா நின்னுக்கினு கீற? அந்தச் சின்னப் பெட்டியக் காலி பண்ணு" என்றாள். அதிலிருந்த ஐஸ்கிரீம் அத்தனையும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த பிள்ளைகளுக்குப் போனது. வெளியே கொட்டுகிற மழை, உள்ளே ஈரத் துணியோடு ஆளுக்கொரு குச்சி ஐஸைச் சப்பிக்கொண்டு அந்தப் பிள்ளைகள். நான் பார்க்கவில்லை, மாணிக்கவேல் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது ஹைதராபாத் மரபணு ஆய்வகத்துச் சேதி. கிளம்புவதற்கு முன் இந்தக் குப்பிகளிலிருந்து நீ அனுப்பியவற்றின் மரபணுவைப் படித்துவிட்டார்கள். உனக்கும் மெயில் போட்டிருக்கிறார்களாம், அங்கே வந்து சேர்ந்ததோ என்னவோ. கிழக்குச் சரிவிலிருந்து மேற்குச் சரிவுக்கு நீ பேசிக்கொண்டே நடந்துவிடுவாய். இரண்டிலும் இருக்கும் நீர்க்கரடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உனக்கே அடையாளம் தெரியாது. ஆனால் மரபணுவில் அவை ஒன்றோடொன்று சேராத தனித்தனி இனங்களாம். நடுவில் இருக்கும் பனியைத் தாண்ட முடியாமல், லட்சக்கணக்கான வருஷமாக ஒன்று இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாமலே வாழ்ந்திருக்கின்றன. இதை உறுதி செய்யக் கிழக்குச் சரிவிலிருந்து உயிருள்ளவை இன்னும் வேண்டுமாம். ஊரில் எஞ்சியிருந்ததே நம் குப்பிகளில்தான். அவை ஒரு தடவை இளகிவிட்டன என்று போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. ஐஸ்கிரீம் பெட்டியில் உறைந்தது போதும், மெள்ள இளகவிட்டுச் சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள் என்றார்கள்.

அதற்குள் கரண்ட் வந்திருந்தது, நம் ஃப்ரிட்ஜிலேயே வைத்தோம். அம்மா தன் தயிரையும் பெருமாள் பாலையும் மேலே ஏற்றிவிட்டு, கீழ்த்தட்டை அவற்றுக்கு ஒழித்துக் கொடுத்தாள். கலியன் உங்கள் துறையின் சின்ன மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் பார்த்தேன். எல்லாம் சுருண்ட தூசி மாதிரியே கிடந்தன. அம்மா வேறு வந்து வந்து, "ஏண்டா, எழுந்துண்டுதா?" என்று கேட்பாள். மூன்றாம் நாள் ஒன்று காலை நீட்டியது. முதலில் என் கண்தான் ஆடுகிறது என்று நினைத்தேன். பிறகு இன்னொரு கால். தாரா, அது நடந்தது! குண்டாக, அவசரமே இல்லாமல், பாசி இலையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அவளையும் பார்க்க வைத்தேன். வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "இதுக்காகத்தான் போயிருக்காளா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

எழுந்தவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை எழவே இல்லை. ஹைதராபாத்திலிருந்து ஆள் வந்து பாதியை எடுத்துப் போனார். இது போதாது என்றுதான் அவரும் சொன்னார்.

இன்னொன்று. நான் சொல்லாவிட்டால் ஸிந்துஜா சொல்லிவிடுவாள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். அன்று கல்லூரி வாசலில் தண்ணீருக்கு அடியில் மூடி இல்லாத கால்வாய் இருந்தது தெரியாமல் காலை வைத்துவிட்டேன். பெட்டியைக் கலியன் பிடித்துக்கொண்டார், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. அப்போது வலியே தெரியவில்லை. ஆட்டோவில் ஊரைச் சுற்றிவிட்டு, ஐஸ்கிரீம் கடைப் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது பெரியநாயகிதான் பார்த்து, "சார், காலு இன்னா இப்பிடித் திரும்பிக்கினு கீது!" என்று கத்தினாள். மாணிக்கவேல்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். உள்ளே கம்பி வைத்து, மேலே மாவுக்கட்டு. எழுந்து நடமாடப் பங்குனி ஆகிவிடுமாம். படுத்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை. அம்மா முகம்தான் வாடிப்போயிருக்கிறது. இந்த வயதில் எனக்கு வெந்நீர் தூக்குகிறாள்.

ஊரில் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்கிறார்கள்: தாராவுக்குச் சொல்லியாச்சா, எப்போது வருகிறாள்? நான் மையமாகத் தலையாட்டுகிறேன். உன் கேள்விக்கு பதில் எழுத இந்த வாரம் முழுவதும் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வா என்று எழுதினேன், கிழித்தேன். உன் இஷ்டம் என்று எழுதினேன். அது வா என்பதைவிட மோசமாக இருந்தது. அதையும் கிழித்தேன்.

கிழக்குச் சரிவில் மறுபடி பனி உருகினால் அது அடுத்த வருஷம் நவம்பரில் அங்கே கோடை தொடங்கும்போதுதான் என்றாய். குளிர்காலம் அங்கே இருந்தவர்கள்தான் அதைப் பார்க்க முடியும், கப்பலில் வருகிறவர்கள் வந்து சேர்வதற்குள் அது மறுபடி மூடினாலும் மூடிவிடும் என்றும் சொன்னாய். அந்தப் பிராணி நடந்ததை நான் பார்க்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் எனக்கு வெறும் பேச்சு. பார்த்துவிட்டேன். என்ன செய்ய?

இரு, தாரா. இருந்து முடித்துவிட்டு வா. அம்மாவுக்கு உதவிக்கு மணியம்மாள் என்று ஒருத்தி நாளை முதல் வருகிறாள். என் கால் தானாகச் சேரும். அதற்காக நீ வர வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்த கையோடு போன் பண்ணாதே. ஒரு நாள் போகட்டும். நான் இதை எழுதி மூடுகிற இந்த நிமிஷம் வரைக்கும்தான் தைரியமாக இருக்கிறேன். உன் குரல் கேட்டால் வந்துவிடு என்று சொல்லிவிடுவேன். சொன்னால் நீ கேட்டுக்கொள்ளாதே.

பேரருளாளன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன்
வரத்